ஐந்தில் மூன்று: அமெரிக்க அரசமைப்பு பெயர் சொல்லாமல் எழுதிய கணக்கு

அமெரிக்க அரசமைப்புச் சட்டம் பற்றிப் பேச்சு வந்தாலே நம் படிப்பு வட்டங்களில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "கறுப்பினத்தவரை ஐந்தில் மூன்று பங்கு மனிதராகத்தான் மதித்தார்கள்." சமூக ஊடகங்களிலும் இந்த வரி படமாகச் சுற்றுகிறது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் கணக்கு அப்படி வேலை செய்யவில்லை. ஐந்தில் மூன்று என்பதை முழு ஒன்றாக்கியிருந்தால் யாருக்கு லாபம் என்று கேட்டுப் பார்ப்போம். லாபம் ஆண்டைகளுக்கு. அவர்களே அப்படித்தான் கேட்டார்கள்.

1787 மே முதல் செப்டம்பர் 17 வரை பிலடெல்பியாவில் நடந்த பேரவையில் 55 பேர் கலந்துகொண்டார்கள். கிட்டத்தட்டப் பாதிப் பேர் அடிமைகளை வைத்திருந்தவர்கள். பெண்கள் இல்லை, கறுப்பினத்தவர் இல்லை, பூர்வகுடிகள் இல்லை. கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்கள். உள்ளே பேசியதை வெளியே சொல்லக் கூடாது என்பது விதி. இன்று நமக்கு விவரம் தெரிவதற்கு முக்கியக் காரணம், விர்ஜீனியாவின் ஜேம்ஸ் மேடிசன் அன்றாடம் எழுதி வைத்த குறிப்புகள். அவை அச்சேறியது 1840இல், அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து.

பிரதிநிதிகள் சபையில் எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம்? மக்கள்தொகைப்படி என்று முடிவானது. அப்படியானால் மக்கள் யார் என்ற கேள்வி வந்தே தீரும். அடிமைகளையும் வெள்ளையருக்குச் சமமாக எண்ண வேண்டும் என்று தென் கரோலினாவின் பிரதிநிதிகள் வாதிட்டார்கள். சமத்துவப் பற்று அல்ல இது. எண்ணப்படுகிற அடிமைக்கு வாக்கு கிடையாது. அவர் தலைக்குக் கிடைக்கும் இடத்தில் போய் உட்காரப்போவது அவருடைய ஆண்டையோ ஆண்டையின் உறவினரோதான்.

இந்தப் பின்னமும் பிலடெல்பியாவில் பிறந்ததல்ல. 1783இல் மாநிலங்களுக்கிடையே வரிச்சுமையைப் பிரிக்கும் திட்டம் ஒன்றில் பேரம் பேசி வந்த எண் அது. அப்போது தென்மாநிலங்கள் அடிமைகளைக் குறைத்து எண்ணச் சொன்னன. வடமாநிலங்கள் கூட்டி எண்ணச் சொன்னன. நான்கே ஆண்டுகளில் இரு தரப்பும் இடம் மாறிக்கொண்டன. வரி கட்ட வேண்டும் என்றால் அவர்கள் சொத்து, நாற்காலி கிடைக்கும் என்றால் அவர்கள் மக்கள்.

இதை அந்த அவையிலேயே போட்டு உடைத்தவர் பென்சில்வேனியாவின் கவர்னர் மோரிஸ். (கவர்னர் என்பது பதவி அல்ல, பெயரே அதுதான்.) எந்த நியாயத்தில் அடிமைகளை எண்ணுகிறீர்கள் என்று கேட்டார். மனிதர்கள் என்றால் குடிமக்களாக்கி வாக்களிக்க விடுங்கள். சொத்து என்றால் மற்ற சொத்துகளை ஏன் எண்ணவில்லை? யாரிடமும் பதில் இல்லை. வாக்கெடுப்பில் அவர் பக்கம் தோற்றது. பிறகு அரசமைப்பின் இறுதி வாசகத்தைச் செதுக்கும் வேலை அவரிடமே வந்தது. 'மக்களாகிய நாம்' என்று தொடங்கும் முகப்புரை அவர் கைவண்ணம்தான்.

பின்னம் நடைமுறைக்கு வந்தபோது என்ன ஆனது என்பதை 1790இன் முதல் மக்கள்தொகைக் கணக்கு காட்டுகிறது. நாட்டின் மொத்த மக்கள் சுமார் 39 லட்சம். அதில் ஏறத்தாழ 7 லட்சம் பேர் அடிமைகள். விர்ஜீனியாவையும் பென்சில்வேனியாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விர்ஜீனியாவில் அடிமைகள் அல்லாதோர் சுமார் 4,55,000. பென்சில்வேனியாவில் சுமார் 4,31,000. அதிக வித்தியாசமில்லை. ஆனால் விர்ஜீனியாவில் அடிமைகள் 2,92,000க்கும் மேல், பென்சில்வேனியாவில் 4,000க்கும் குறைவு. அந்தக் கணக்கெடுப்பின்படி இடங்களைப் பிரித்தபோது பென்சில்வேனியாவுக்குக் கிடைத்தது 13. விர்ஜீனியாவுக்கு 19.

அந்தக் கூடுதல் இடங்கள் சபையோடு நிற்கவில்லை. குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் குழுவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இருக்கும் எண்ணிக்கை, அதன் பிரதிநிதிகளையும் இரண்டு செனட்டர்களையும் கூட்டியது. ஆக, அடிமைகளின் தலைகள் அங்கேயும் எண்ணப்பட்டன. 1800 தேர்தலில் ஜெஃபர்சனுக்கு 73, ஜான் ஆடம்ஸுக்கு 65. பின்னம் தந்த கூடுதல் வாக்குகளைக் கழித்தால் ஆடம்ஸே வென்றிருப்பார் என்று கணக்குப் போட்டுக் காட்டிய வரலாற்றாசிரியர்கள் உண்டு. முதல் 36 ஆண்டுகளில் 32 ஆண்டுகள் தலைவர் நாற்காலியில் இருந்தவர்கள் விர்ஜீனியாவின் ஆண்டைகள்: வாஷிங்டன், ஜெஃபர்சன், மேடிசன், மன்றோ.

இவ்வளவு செய்த அந்த ஆவணத்தில் 'அடிமை' என்ற சொல் ஓரிடத்திலும் கிடையாது. எண்ணிக்கைக் கூறில் 'ஏனைய ஆட்கள்' என்று வரும். தப்பியோடியவரைத் திருப்பி ஒப்படைக்கச் சொல்லும் கூறில் 'வேலை செய்யக் கடமைப்பட்ட ஆள்'. அடிமை இறக்குமதியை 1808க்கு முன் நாடாளுமன்றம் தடை செய்யக் கூடாது என்ற கூறில் 'அத்தகைய ஆட்கள்'. மனிதர்களைச் சொத்தாக வைத்திருக்கலாம் என்ற கருத்தை அரசமைப்பில் ஒப்புக்கொள்வது தவறு என்று மேடிசனே ஆகஸ்டில் பேசியிருக்கிறார். சொல்லை விலக்கினார்கள், சரக்கைக் கூடுதல் பாதுகாப்போடு வைத்துக்கொண்டார்கள். அந்த இறக்குமதிக் கூறை 1808 வரை திருத்தம் கொண்டுவந்துகூட மாற்ற முடியாது என்று ஐந்தாம் உறுப்பில் தனியாக ஒரு பூட்டுப் போட்டார்கள்.

மறைத்து எழுதிய வாசகம் ஒரு பெண்ணின் வாழ்க்கையில் எப்படிப் போய் முட்டியது என்பதற்கு ஓனா ஜட்ஜைப் பார்க்க வேண்டும். அப்போது தலைநகர் பிலடெல்பியா. வெளிமாநிலத்தவர் கொண்டுவரும் அடிமைகள் ஆறு மாதம் தொடர்ந்து தங்கினால் விடுதலை கோரலாம் என்பது பென்சில்வேனியாவின் 1780 சட்டம். அந்த ஆறு மாதம் நிறையாமலிருக்க, குடியரசுத் தலைவர் வாஷிங்டன் தன் வீட்டு அடிமைகளை மாநில எல்லைக்கு வெளியே அனுப்பி அனுப்பித் திரும்ப வரவழைத்தார். தப்பியோடியவர்களைப் பிடிப்பதற்கான 1793 சட்டத்தில் கையெழுத்துப் போட்டவரும் அவரே. வாஷிங்டனின் மனைவி மார்த்தா தன்னைப் பேத்திக்குப் பரிசாகக் கொடுக்கப்போகிறார் என்று தெரிந்ததும், 1796 மே மாதம், வீட்டார் உணவருந்திக்கொண்டிருந்த நேரத்தில் ஓனா வெளியேறினார். கப்பலேறி நியூ ஹாம்ப்ஷயர் சேர்ந்தார். நாட்டின் தலைவர் சுங்க அதிகாரியை வைத்து அவரைத் திரும்பப் பெற முயன்றார், முடியவில்லை. 1848இல் இறக்கும் வரை சட்டத்தின் கண்ணில் அவர் ஓடிப்போன உடைமைதான். முதுமையில் தன்னைக் காண வந்தவர்களிடம், ஓடி வந்ததற்காக வருந்தவில்லை என்றே சொன்னார்.

இந்த ஆவணத்தை என்ன செய்வது என்பதில் அடிமை ஒழிப்புப் போராளிகளே இரண்டுபட்டார்கள். வில்லியம் லாயிட் கேரிசன் 1854 ஜூலை 4 அன்று பொதுக்கூட்டத்தில் அரசமைப்பின் பிரதியைக் கொளுத்தினார். அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த ஃபிரடெரிக் டக்ளஸ் முதலில் கேரிசனோடுதான் நின்றார்; 1851இல் விலகினார். அந்தச் சொல்லே இல்லாத ஆவணம் அந்தக் கொடுமைக்கு எப்படிச் சான்றாகும் என்பது அவர் வாதத்தின் ஒரு பகுதி. வெட்கப்பட்டு விட்ட இடைவெளியை அவர் ஆயுதமாக்கிக்கொண்டார். நமக்கு இருவரும் தேவை. என்றாலும் எழுதியவர்களின் நோக்கம் என்று பார்த்தால் கேரிசன் சொன்னதே உண்மைக்கு நெருக்கம் என்று நினைக்கிறோம்.

உள்நாட்டுப் போர் முடிந்து 1865 டிசம்பரில் 13ஆவது திருத்தம் நிறைவேறியது. 'அடிமைத்தனம்' என்ற சொல் அரசமைப்புக்குள் முதன்முதலாக நுழைந்ததே அதை ஒழிக்கும்போதுதான். அங்கேயும், குற்றத்துக்கான தண்டனையாக இருந்தால் அனுமதிக்கலாம் என்று ஒரு விலக்கு. இந்த விடுதலைக்காகத்தான் மகாத்மா ஜோதிராவ் பூலே 1873இல் தன் 'குலாம்கிரி' நூலை அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார்.

பின்னம் ஒழிந்ததும் பழைய கேள்வி புது வடிவில் திரும்பியது. விடுதலையானவர்கள் இப்போது முழுமையாக எண்ணப்படுவார்கள். அவர்களை வாக்களிக்க விடாமல் தடுத்துவிட்டால், போரில் தோற்ற தென்மாநிலங்களுக்கு முன்பைவிடக் கூடுதல் இடம் கிடைக்கும். இதை அறிந்துதான் 1868இல் 14ஆவது திருத்தத்தின் இரண்டாம் பிரிவில், வாக்குரிமையை மறுக்கும் மாநிலத்துக்கு அந்த அளவுக்கு இடங்களைக் குறைக்க வேண்டும் என்று எழுதினார்கள். 1890இல் மிசிசிப்பி தன் மாநில அரசமைப்பையே புதிதாக எழுதி, தலைவரியும் எழுத்தறிவுச் சோதனையும் வைத்துக் கறுப்பினத்தவரை வாக்காளர் பட்டியலிலிருந்து துடைத்தது. மற்ற தென்மாநிலங்கள் பின்தொடர்ந்தன. 1965இல் வாக்குரிமைச் சட்டம் வரும்வரை, முக்கால் நூற்றாண்டு காலம், ஐந்தில் ஐந்தும் எண்ணப்பட்டது, வாக்கு மட்டும் மறுக்கப்பட்டது. அந்த இரண்டாம் பிரிவின்படி எந்த மாநிலமும் ஓர் இடத்தைக்கூட இழக்கவில்லை.