ஓடும் ஆலையில் கை வைத்தல்: தொழிலக மென்பொருள் மேம்படுத்தலின் ஒரு குறுவரலாறு

2017 மே 12 அன்று வன்னாக்ரை என்னும் ரான்சம்வேர் வகைத் தீநிரல் உலகெங்கும் பரவத் தொடங்கியது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் அதற்கு இரையாயின. ஆந்திரத்தில் சித்தூர் உள்ளிட்ட சில மாவட்டங்களின் காவல்துறைக் கணினிகளும் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் அலுவலகக் கணினிகள் சிலவும் பாதிக்கப்பட்டன. எல்லைக்கு இப்பால், சென்னையை அடுத்த ஒரகடத்தில் இயங்கும் ரெனோ–நிசான் கூட்டணியின் கார் ஆலையும் அப்பட்டியலில் இடம்பெற்றது. ஒரு மாதம் கடந்த பின்னும், ஜூன் 19 அன்று, ஜப்பானில் ஹோண்டாவின் சயாமா ஆலை அதே தீநிரலால் ஒருநாள் உற்பத்தியை நிறுத்தியது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,000 வாகனங்களை உருவாக்கிய ஆலை அது.

இந்நிகழ்வைப் பற்றிய பொதுக்கருத்து ஒன்று உண்டு: வழக்கொழிந்த விண்டோஸ் எக்ஸ்பியைக் கைவிடாதவர்களே பாதிக்கப்பட்டனர் என்பது. உண்மை வேறு. பாதிக்கப்பட்டவற்றுள் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். அவற்றுக்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் 2017 மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. மருந்து கிடைத்த நாளுக்கும் நோய் பரவிய நாளுக்கும் இடையே 59 நாள்கள் இருந்தன. அந்த 59 நாள்களில் அத்தனை கணினிகள் ஏன் தொடப்படாமல் கிடந்தன என்பதே வரலாற்று மாணவர் கேட்க வேண்டிய கேள்வி. சோம்பல், அறியாமை என்னும் விடைகள் எளியவை. ஆலைகளைப் பொறுத்தவரை அவை போதாதவை.

ஆலையின் தானியங்கி அமைப்பு அடுக்குகளால் ஆனது. வால்வைத் திறப்பதும் மோட்டாரை நிறுத்துவதும் பி.எல்.சி. எனப்படும் கட்டுப்பாட்டுக் கருவியின் வேலை. அதற்கு மேலே அமர்ந்திருப்பது வழங்கிக் கணினி, அதாவது சர்வர். அது கருவிகளிடமிருந்து தரவைத் திரட்டி, இயக்குநரின் திரையில் காட்டி, எச்சரிக்கை மணியை எழுப்பி, வெப்பநிலையையும் அழுத்தத்தையும் நொடிக்கு நொடி பதிவுசெய்கிறது. சர்வர் நின்றால் பல ஆலைகளில் இயந்திரம் உடனே நிற்பதில்லை. இயக்குநர் கண் இழக்கிறார். கண் இழந்த நிலையில் ஆலையை ஓட்டலாமா, நிறுத்தலாமா என்று அவர் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

இந்தச் சர்வர்கள் 1990களில் பெருமளவில் விண்டோஸ் மேடைக்கு மாறின. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒரே மொழியில் பேசுவதற்கான ஓ.பி.சி. என்னும் தரநிலை 1996இல் வெளிவந்தது. அது மைக்ரோசாப்டின் டிகாம் தொழில்நுட்பத்தின் மீது எழுப்பப்பட்டது. அதன் விளைவு ஆழமானது. அலுவலகக் கணினியின் ஆயுள் சில ஆண்டுகள். ஆலைக் கருவியின் ஆயுள் பல பத்தாண்டுகள். இருவேறு காலக்கணக்குகள் ஒரே பெட்டிக்குள் அடைக்கப்பட்டன. மாதந்தோறும் திருத்தம் கோரும் இயங்குதளத்தின் மீது, ஆண்டுக்கு ஒருமுறைகூட நிறுத்த முடியாத ஆலை அமர்ந்தது.

'ஓடுகிற இயந்திரத்தில் கை வைக்காதே' என்பது ஆலைத்தளத்தின் பழைய விதி. அதற்கு வலுவான சான்றும் உண்டு. 2008 மார்ச் மாதம், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலுள்ள ஹாட்ச் அணுமின் நிலையத்தில் ஒரு பொறியாளர் அலுவலக வலையமைப்பிலிருந்த கணினி ஒன்றின் மென்பொருளைப் புதுப்பித்தார். அக்கணினி கட்டுப்பாட்டு அமைப்புடன் தரவை ஒத்திசைத்துக்கொண்டிருந்தது. மீண்டும் தொடங்கியபோது கட்டுப்பாட்டுப் பக்கத்துத் தரவும் அழிந்து முதல்நிலைக்குத் திரும்பியது. 'தரவு இல்லை' என்பதைப் பாதுகாப்பு அமைப்பு 'குளிர்விக்கும் நீர் குறைந்துவிட்டது' என்று பொருள்கொண்டது. இரண்டாம் அலகு தானாகவே நின்றது. 48 மணிநேரம் நின்றிருந்தது. தீநிரல் இல்லை, தாக்குதல் இல்லை. வழக்கமான ஒரு புதுப்பித்தல் மட்டுமே. ஒரு கணினியின் மௌனத்தை இன்னொன்று எவ்வாறு வாசிக்கும் என்பதை யாரும் முன்கூட்டிச் சோதித்திருக்கவில்லை.

ஆக, ஆலை இரண்டு அச்சங்களுக்கு இடையே நிற்கிறது. தொட்டால் 2008, தொடாவிட்டால் 2017. பாதுகாப்பான மேம்படுத்தல் என்று இன்று வழங்கும் நடைமுறை இவ்விரு அச்சங்களின் விளைவே.

அந்நடைமுறையின் உள்ளம் தமிழ் வாசகருக்கு அந்நியமானதன்று. கோயில் திருப்பணியின்போது மூலவரின் ஆற்றலைத் தற்காலிக இடத்துக்கு மாற்றி, வழிபாடு தடைப்படாமல் பணியை முடித்து, பின்னர் குடமுழுக்குச் செய்வது மரபு. அதைப் பாலாலயம் என்பர். திருமலையில் 2018 ஆகஸ்டில் நடைபெற்ற அஷ்டபந்தன பாலாலய மகா சம்ப்ரோக்ஷணம் இம்மரபைச் சேர்ந்தது. இரட்டைச் சர்வர் கொண்ட ஆலையிலும் இதுவே நிகழ்கிறது. முதன்மைச் சர்வர் ஆலையை நடத்திக்கொண்டிருக்க, காத்திருப்புச் சர்வர் முதலில் புதுப்பிக்கப்படுகிறது. சோதித்தபின் பொறுப்பு அதற்கு மாற்றப்படுகிறது. சில நாள் கவனித்த பிறகே பழைய முதன்மைச் சர்வரில் கை வைக்கப்படுகிறது. ஒன்றை மட்டும் மறக்கலாகாது: அந்த இடைக்காலத்தில் ஆலைக்கு மாற்றுத் துணை இல்லை. இரு பதிப்புகளும் ஒன்றோடொன்று பேசுமா என்பதும் முன்கூட்டியே அறியப்பட வேண்டும்.

இதற்கு முன்பும் பின்பும் செய்யவேண்டியவை உள்ளன. எந்தக் கணினி எதனுடன் பேசுகிறது என்ற முழுப் பட்டியல் முதலில் வேண்டும். ஹாட்ச் நிலையத்தில் வினையானது இந்தக் கண்ணுக்குத் தெரியாத இணைப்பே. காப்புநகல் எடுத்தால் மட்டும் போதாது. அதிலிருந்து மீட்டெடுத்துப் பார்த்திருக்க வேண்டும். ஆலையின் அமைப்பை ஒத்த சோதனைக் கணினியில் ஒத்திகை நடத்த வேண்டும். இத்தனை மணிக்குள் முடியாவிட்டால் பழைய பதிப்புக்குத் திரும்புவது என்ற எல்லையைத் தொடங்குமுன்பே எழுதிவைக்க வேண்டும். நள்ளிரவில் களைத்த மூளை 'இன்னும் அரைமணி நேரம்' என்றே சொல்லும்.

மாற்றத்தைப் படிப்படியாகக் கொண்டுவரும் அறிவை மென்பொருள் உலகமும் மெல்லக் கற்றது. டிகாமின் பாதுகாப்பை இறுக்கிய திருத்தத்தை மைக்ரோசாப்ட் மூன்று கட்டங்களாக நடைமுறைப்படுத்தியது. 2021 ஜூனில் விருப்பத் தெரிவாகவும், 2022 ஜூனில் இயல்பான அமைப்பாகவும், 2023 மார்ச் 14 முதல் விலக்க முடியாததாகவும் அது வந்தது. பழைய ஓ.பி.சி. இணைப்புகளை நம்பிய ஆலைகளுக்கு ஏறத்தாழ 21 மாத அவகாசம் கிடைத்தது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் இதற்கு நேர்மாறான பாடத்தைத் தந்தது. பிழையுள்ள ஒரு புதுப்பித்தல் எல்லா இடங்களுக்கும் ஒரே நேரத்தில் சென்றதால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. இந்திய விமான நிலையங்களில் விமானம் ஏறுவதற்கான அனுமதிச்சீட்டுகள் கையால் எழுதப்பட்டன. பாதுகாப்புக்காக நிறுவப்பட்ட மென்பொருளே முடக்கத்துக்குக் காரணமானது.

சித்தூர்–வேலூர் சாலையில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியிருக்கும் குடிபாலாவிலிருந்து பார்த்தால் இவை தொலைதூரச் செய்திகளாகத் தோன்றலாம். ஆனால் சித்தூர் வட்டாரம் மாங்கூழ்த் தொழிலுக்குப் பெயர்பெற்றது. தோத்தாபுரி வரத்தின் சில வாரங்களில் கூழ் ஆலைகளின் வாயிலில் டிராக்டர்கள் வரிசையில் நிற்கும். அவ்வாரங்களில் சர்வரில் கை வைக்க எந்த மேலாளரும் ஒப்பமாட்டார், ஒப்பவும் கூடாது. வெப்பப் பதனத்தின் பதிவு ஒருமணி நேரம் விடுபட்டாலும் அந்தக் கூழ் முறையாகச் சூடேற்றப்பட்டது என்பதற்குச் சான்று இராது. பழமோ காத்திராது, இழப்பின் ஒரு பங்கு வரிசையில் நிற்கும் உழவர் தலையில் விழும். எனவே மேம்படுத்தலுக்கு உரிய காலம் பருவமில்லா மாதங்களே. அம்மாதங்களில் 'இயந்திரம்தான் ஓடவில்லையே, அவசரம் என்ன' என்று தள்ளிப்போடுவதில்தான் 59 நாள்கள் போன்ற இடைவெளிகள் பிறக்கின்றன.

சொல்லாட்சியும் இங்குக் கவனத்துக்குரியது. பிழையை அடைக்கும் 'ஒட்டு', இன்றைய நிலைக்குக் கொண்டுவரும் 'இற்றைப்படுத்தல்', புதிய பதிப்புக்கு ஏற்றும் 'மேம்படுத்தல்' ஆகிய மூன்றும் தமிழில் தனித்தனிச் சொற்கள். மூன்றின் இடர்களும் வேறு. பேச்சிலோ மூன்றுமே 'அப்டேட்'. எல்லாம் ஒன்றாக ஒலிக்கும்போது சிறிய ஒட்டையும் பெரிய மாற்றமாக எண்ணி அஞ்சுவதும், பெரிய மாற்றத்தைச் சிறிய ஒட்டாக எண்ணித் துணிவதும் எளிதாகிவிடுகின்றன. 2017இல் பலர் செய்தது முதலாவது. 2008இல் நிகழ்ந்தது இரண்டாவது. எதைச் செய்யப்போகிறோம் என்பதை உரிய பெயரால் ஆலையின் பதிவேட்டில் எழுதுவதும் பாதுகாப்பு நடவடிக்கைகளுள் ஒன்றே.