நிழல் சென்ற வழியும் தகடுகள் சொன்ன சாட்சியமும்

1871ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் தேதி காலையில், மேலைக் கடலிலிருந்து பேக்கல் கோட்டையருகே கரையேறிய சந்திரனுடைய நிழலானது, நீலகிரியைக் கடந்து, அவிநாசி, புதுக்கோட்டை வழியே தென்கிழக்காகச் சாய்ந்து, யாழ்ப்பாணத்தையும் திருகோணமலையையும் தொட்டுவிட்டுக் கீழைக் கடலில் இறங்கிற்று. தொட்டபெட்டாவும் நம் வெள்ளாற்றங்கரைச் சேத்தியாத்தோப்பும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருப்பவை. நிழல் நேர்கிழக்காக வந்திருந்தால் நம்மவர்கள் அன்று காலையிலேயே நட்சத்திரம் பார்த்திருப்பார்கள். அந்தப் பாக்கியம் புதுக்கோட்டைக்காரர்களுக்குப் போயிற்று.

அந்தப் பூரண சூரிய கிரகணத்துக்கென்று பேக்கலில் ஆங்கில வானியலாளர் லாக்கியரும், உதகைக்கு அருகே சோலூரில் பிரெஞ்சு விஞ்ஞானி ஜான்சனும், அவிநாசியில் சென்னை வானாய்வுக்கூடத்துப் போக்சனும் முகாமிட்டிருந்தனர். அவர்களுடைய கீர்த்தி ஒருபுறம் இருக்கட்டும். லிண்ட்சே பிரபு அனுப்பிய டேவிஸ் என்பவர் பேக்கலிலும், கர்னல் டென்னண்டின் குழுவைச் சேர்ந்த காப்டன் வாட்டர்ஹவுஸ் தொட்டபெட்டாவிலும் எடுத்த கண்ணாடித் தகடுகளே இங்கு விசேஷமானவை. அக்காலத்துத் தகடு ஈரத் தகடு: கொலோடியன் பூசி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி, ஈரம் காய்வதற்குள் காமிராவில் வைத்து ஒளி காட்டி, மறுபடியும் இருட்டறைக்குக் கொண்டோடிக் கழுவியாக வேண்டும். பூரண கிரகணமோ இரண்டு நிமிஷத்துச் சொச்சம்.

இதைவிடப் பெரிய சங்கடம் சூரியனிடமே இருந்தது. கிரகணத்தில் சூரியனைச் சுற்றித் தெரியும் மகுடம் விளிம்பருகே மிகுந்த பிரகாசமாகவும் வெளியே போகப் போக மங்கியும் இருப்பதால், சிறிது நேரமே ஒளி காட்டிய தகட்டில் உள்வட்டம் தெளிவாக விழ, வெளிக் கதிர்கள் அடியோடு காணாமற் போகும். நேரத்தை நீட்டினால் கதிர்கள் தெரியும், உள்வட்டம் வெந்து வெளுத்துவிடும். முழு மகுடத்தையும் ஒரே தகட்டில் பிடிப்பது அன்று ஆகாத காரியம்.

தகடுகள் லண்டனுக்குப் போயின. அவற்றை ஆராய்ந்து, ஒன்றில் தெரிந்ததையும் மற்றொன்றில் தெரிந்ததையும் சேர்த்து ஒரே சித்திரமாக வரைந்தவர், செதுக்கோவியத் தொழிலில் பயின்ற வெஸ்லி. ரேன்யார்ட் தொகுத்து 1879இல் வெளியான ராயல் வானியல் சங்கத்து ஆய்வேட்டின் 41ஆம் தொகுதியில் அப்பணி இடம்பெற்றது. எந்தக் கணத்திலும் எந்தத் தகட்டிலும் முழுமையாக இராத ஒரு தோற்றத்தைக் கையால் வரைந்து, அதை உண்மை என்று சொல்வது தகுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கடலோரப் பேக்கலுக்கும் மலையுச்சித் தொட்டபெட்டாவுக்கும் சுமார் 200 கிலோமீட்டர் இடைவெளி. இரண்டிடத்துத் தகடுகளிலும் ஒரே கதிர் ஒரே இடத்தில் நிற்குமாயின், அது பூமியின் காற்றுமண்டலம் செய்த மாயமன்று, சூரியனுக்கே உரியது என்பது நிரூபணமாகிறது. ஒரு தகட்டில் மட்டும் தென்படுவது தகட்டின் குறையாகவும் இருக்கலாம்.

இன்று சேத்தியாத்தோப்பில் மொட்டைமாடியில் காமிரா வைத்து ஓரியன் நெபுலாவைப் படமெடுக்கும் இளைஞனுக்கும் இதே பிரமாணந்தான். ஹென்ரி டிரேப்பர் 1880இல் 51 நிமிஷம் ஒளி காட்டி முதன்முதலாகப் படம்பிடித்த அந்த நெபுலாவின் நடுவிலுள்ள நான்கு நட்சத்திரங்களுக்குச் சில விநாடிகள் போதும். சிறகுபோல் விரிந்த அதன் மங்கிய வெளிப்பகுதிகளுக்கோ மணிக்கணக்கில் வேண்டும். வடக்கே நெய்வேலி வெளிச்சம், ஆற்றங்கரைப் பனி, இவற்றுக்கிடையில் ஒரே இரவில் அது சேராது. ஆகவே பல இரவுகளில் எடுத்து, நட்சத்திரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி காண்கிறார்கள். நூறு படங்கள் சேர்ந்தால் இரைச்சல் பத்தில் ஒரு பங்காகிறது. ஒரு படத்தில் மட்டும் குறுக்கே ஓடிய செயற்கைக்கோளின் கோட்டைக் கணினியே ஒதுக்கிவிடுகிறது. சிறிது நேரம் ஒளி காட்டிய படத்தை நெடுநேரம் ஒளி காட்டிய படத்தோடு எந்த விளிம்பில் இணைப்பது என்பதை மட்டும் கணினி தானாகச் சரிவரச் செய்வதில்லை. நடுவையும் சிறகையும் ஒரே பிரகாசமாக்கிவிடும் படங்கள் இப்போது மிகுந்துவிட்டன. அவற்றை என்னால் ரசிக்க முடியவில்லை.