ஜெரிமாண்டர்

தேர்தலில் ஒரு கட்சிக்கோ பிரிவினருக்கோ சாதகமாகும்படி தொகுதி எல்லைகளைத் திட்டமிட்டு வளைத்து வரைவதைக் குறிக்கும் ஆங்கில வினைச்சொல். பெயர்ச்சொல்லாகவும் வழங்கும். ஒரு மனிதரின் பெயரும் ஒரு பிராணியின் பெயரும் ஒட்டிப் பிறந்தது இது.

1812 பிப்ரவரியில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலச் சட்டமன்றம் மேலவைத் தொகுதிகளை மாற்றியமைத்தது. ஃபெடரலிஸ்ட் கட்சியின் பலத்தைக் குறைப்பதே நோக்கம். எசெக்ஸ் கவுண்டியில் அப்படி உருவான ஒரு தொகுதி, பாஸ்டனை அடுத்த செல்சியில் தொடங்கி, கவுண்டியின் ஓரமாகவே வடக்கே ஏறி, ஆண்டோவர், ஹேவரில் ஊர்களைக் கடந்து, கிழக்கே திரும்பிக் கடலோரச் சாலிஸ்பரியில் முடிந்தது. மார்ச் 26 அன்று ‘பாஸ்டன் கெசட்’ இதழ் அந்த வரைபடத்துக்குச் சிறகும் நகமும் கோரைப்பல்லும் சேர்த்து ஒரு விலங்காக வெளியிட்டது. பல்லி போன்ற சாலமாண்டரின் பெயரோடு ஆளுநர் எல்பிரிட்ஜ் கெர்ரியின் பெயரை இணைத்துச் சூட்டியது. எதிர்க்கட்சி இதழ்கள் அதைப் பரப்பின. விரைவிலேயே வினைச்சொல்லாகவும் ஆயிற்று.

வரைந்தவர்கள் நினைத்தது நடந்தது. அவ்வாண்டுத் தேர்தலில் 51,766 வாக்குகள் பெற்ற ஃபெடரலிஸ்டுகளுக்கு 11 இடங்களும், 50,164 வாக்குகள் பெற்ற ஜனநாயகக் குடியரசுக் கட்சிக்கு 29 இடங்களும் கிடைத்தன. ஆளுநர் தேர்தலுக்கு மாநிலம் முழுவதும் ஒரே தொகுதி. அங்கே எல்லைக்கோடு உதவாது. கெர்ரி தோற்றார்.

பழி முழுவதும் அவர் பெயரிலேயே நிலைத்தது நியாயமில்லை. வரைபடம் சட்டமன்றத்தினுடையது. கெர்ரி மனமின்றியே கையெழுத்திட்டார் என்று அவர் வரலாற்றை எழுதிய மருமகன் ஜேம்ஸ் ஆஸ்டின் பதிவுசெய்திருக்கிறார். சுதந்திரப் பிரகடனத்தில் கையொப்பமிட்டவர், துணைக் குடியரசுத் தலைவராக இருக்கும்போதே 1814இல் இறந்தவர் என்பதெல்லாம் இன்று பலருக்கு நினைவில்லை. உச்சரிப்பும் மாறிவிட்டது: அவர் பெயரின் முதலொலி ‘காந்தி’யில் வரும் ககரம், சொல்லில் இப்போது ஜகரமே வழங்குகிறது.

செய்முறை இரண்டு வகை. எதிர்த்தரப்பு வாக்காளரைச் சில தொகுதிகளில் மொத்தமாக அடைத்து, அவர்களுடைய உபரி வாக்குகளை வீணாக்குவது ஒன்று. எங்கும் பெரும்பான்மை பெறாதபடி பல தொகுதிகளில் சிதறடிப்பது மற்றொன்று.

நிறத்தின் பெயரால் நடந்தபோது இது இன்னும் கொடியதாயிற்று. 1957இல் அலபாமா மாநிலம், சதுரமாக இருந்த டஸ்கீகி நகர எல்லையை 28 பக்கங்கள் கொண்ட உருவமாக மாற்றியது. சுமார் 400 கறுப்பின வாக்காளரில் நாலைந்து பேர் தவிர மற்றவர்கள் நகரத்துக்கு வெளியே தள்ளப்பட்டனர். வெள்ளையர் ஒருவர்கூட வெளியேறவில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1960இல் இதை ஏற்க மறுத்தது. ஆனால் கட்சி ஆதாயத்துக்காக எல்லை வரைவது கூட்டாட்சி நீதிமன்றங்கள் தீர்க்கத்தக்க வழக்கல்ல என்று 2019இல் அதே நீதிமன்றம் 5க்கு 4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது.