பிள்ளை எவருக்கு உரியது? - ஹழானாவின் வரலாறு தரும் படிப்பினை

 

கணவனும் மனைவியும் பிரிந்துவிடுகின்றனர். வாப்பாவுக்கு ஹட்டன் கடைத்தெருவில் வியாபாரம். உம்மா பிள்ளையை அழைத்துக்கொண்டு நுவரெலியாவிலுள்ள தாய்வீடு சென்றுவிடுகிறார். மஹர், தாபரிப்பு, இத்தா எல்லாம் பேசி முடிக்கப்படுகின்றன. இறுதியில் எஞ்சி நிற்பது ஒரே கேள்வி: பிள்ளை எவரிடம்? "என் இரத்தம்" என்கிறார் ஒருவர்; "நான் சுமந்தேன்" என்கிறார் மற்றவர். பாடசாலைப் பையுடன் நடுவில் நிற்கும் அந்தச் சிறுவனின் உள்ளத்தை எவரும் கேட்பதில்லை. மலையகத்து நகரங்களில் வாழும் நம் குடும்பங்களுக்கு இது புதிய காட்சியன்று. ஆனால், இக்கேள்விக்கு நம் மார்க்க வரலாறு பதினான்கு நூற்றாண்டுகளாக விடை கூறி வந்திருக்கிறது என்பதை நம்மில் பலர் அறிவதில்லை.

மதீனாவில் நடந்த வழக்குகள்

பிள்ளையைப் பேணி வளர்க்கும் பொறுப்பை அறபு மொழியில் 'ஹழானா' என்பர். மடி, அணைப்பு என்ற பொருளுடைய வேரிலிருந்து பிறந்த சொல் இது. பெயரே அதன் தன்மையை உணர்த்துகிறது: அது உடைமையன்று, அரவணைப்பு.

தன்னைத் தலாக் கூறிய கணவர் மகனைப் பறித்துக்கொள்ள முனைகிறார் என்று ஒரு பெண் நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டார். தாம் அப்பிள்ளையைச் சுமந்ததையும், பாலூட்டியதையும், மடியில் வளர்த்ததையும் எடுத்துரைத்தார். அவர் மறுமணம் செய்யாத வரை அவருக்கே அதிக உரிமை என நபியவர்கள் தீர்ப்பளித்ததை அபூதாவூத் பதிவு செய்துள்ளார்.

மற்றொரு வழக்கில் மகன் சற்று வளர்ந்தவன். தாய்க்குக் கிணற்றிலிருந்து நீர் கொண்டுவந்து கொடுக்கும் வயதுடையவன். தாயும் தந்தையும் உரிமை கோரி நின்றபோது, நபியவர்கள் அச்சிறுவனிடமே திரும்பி, இருவரில் தான் விரும்புபவரின் கையைப் பிடித்துக்கொள்ளுமாறு கூறினார்கள். அவன் தாயின் கையைப் பற்றினான். கைக்குழந்தையின் வழக்கில் தாயின் அரவணைப்பு முதன்மை பெற்றது. விபரமறிந்த பிள்ளையின் வழக்கில் அவனது விருப்பமே முதன்மை பெற்றது. வயதுக்கேற்பத் தீர்ப்பு மாறியதைக் கவனியுங்கள்.

ஹிஜ்ரி 7ஆம் ஆண்டில் (கி.பி. 629) உம்ரா முடித்து மக்காவை விட்டுப் புறப்பட்ட வேளையில், ஷஹீதான ஹம்ஸா (ரலி) அவர்களின் மகளை வளர்ப்பதற்கு அலீ, ஜஃபர், ஸைத் (ரலி) ஆகிய மூவரும் போட்டியிட்டனர். ஜஃபரின் மனைவி அச்சிறுமியின் தாயுடைய சகோதரி. எனவே, தாயின் சகோதரி தாயின் இடத்தில் இருப்பவர் என்ற கருத்தைக் கூறி, சிறுமியை அவ்வீட்டில் ஒப்படைத்தார்கள் நபியவர்கள். மூவரும் உயர்ந்த தோழர்களே. ஆயினும், அவர்களுள் சிறந்தவர் யார் என்பது தீர்ப்புக்கு அடிப்படையாகவில்லை. சிறுமிக்குத் தாயின் அன்பு எந்த வீட்டில் கிடைக்கும் என்பதே அடிப்படையாயிற்று.

இவற்றுள் நம் உள்ளத்தை அதிகம் தொடும் நிகழ்வு உமர் (ரலி) அவர்களுடையது. தலாக் சொல்லப்பட்ட மனைவியிடம் வளர்ந்த மகன் ஆஸிம், குபா பள்ளிவாசலின் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருப்பதைக் கண்ட உமர், மகனைத் தூக்கித் தம் வாகனத்தில் அமர்த்திக்கொண்டார். பிள்ளையின் பாட்டி விடவில்லை. வழக்கு கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்களிடம் சென்றது. பிள்ளையை அவரிடமே விட்டுவிடுமாறு அபூபக்ர் தீர்ப்பளித்தார். எவருக்கும் அஞ்சாத உமர் மறுபேச்சுப் பேசவில்லை என்று இமாம் மாலிக்கின் முவத்தா கூறுகிறது. பாசம் இருந்தது, பலமும் இருந்தது, எனினும், தீர்ப்புக்குத் தலைவணங்கினார். இன்றைய தந்தையர் பலருக்கு இந்த ஒரு நிகழ்வே போதிய பாடமாகும்.

பகலும் இரவும்

கூட்டுப் பொறுப்பு, அதாவது பிரிந்த பெற்றோர் இருவரும் பிள்ளை வளர்ப்பைப் பகிர்ந்துகொள்வது, மேற்கிலிருந்து வந்த புதிய சிந்தனை என்று சிலர் எண்ணுகின்றனர். டமஸ்கஸுக்குத் தெற்கேயுள்ள நவா என்னும் ஊரில் பிறந்து 1277இல் மறைந்த இமாம் நவவி அவர்களின் 'மின்ஹாஜ்' நூலைத் திறந்து பார்த்தால் அவ்வெண்ணம் மாறும்.

ஷாபிஈ மத்ஹபின்படி விபரமறியும் பருவம் வரை பிள்ளை தாயிடம் வளரும். அப்பருவம் ஏறத்தாழ ஏழு வயது. அதன் பின்னர், பெற்றோர் இருவரும் தகுதியுடையோராயின் பிள்ளை தேர்ந்தெடுக்கும். மகன் தாயைத் தேர்ந்தெடுத்தால், இரவில் தாயிடம் இருப்பான். பகலில் தந்தையிடம் இருப்பான். தந்தை அவனுக்கு ஒழுக்கம் கற்பித்து, கல்விக்கோ தொழில் பயிலவோ அனுப்ப வேண்டும். தந்தையைத் தேர்ந்தெடுத்தால், அவன் தாயைச் சந்திக்கச் செல்வதைத் தந்தை தடுக்கலாகாது. மகள் தாயைத் தேர்ந்தெடுத்தால் இரவும் பகலும் தாயுடனேயே இருப்பாள். தந்தை வந்து பார்த்துச் செல்வார். பிள்ளை நோயுற்றால் பராமரிப்பதற்குத் தாய்க்கே முன்னுரிமை. பின்னர் பிள்ளை மனம் மாறினால் மற்றவரிடம் செல்லலாம். பிள்ளை எவரிடம் வளர்ந்தாலும் செலவு தந்தையின் கடமையே.

ஹனபி, மாலிகி மத்ஹபுகளில் வயதெல்லைகள் வேறுபடுகின்றன. ஆனால், பராமரிப்பு ஒருவரிடமும் பொருளாதாரப் பொறுப்பும் பாதுகாவலும் மற்றவரிடமுமாகப் பிரித்துக் கொடுத்து, இருவரையும் பிள்ளையுடன் பிணைத்து வைப்பதில் அனைவரும் ஒன்றுபடுகின்றனர். பிள்ளையின் பொருட்டுத் தாயும் துன்புறுத்தப்படலாகாது, தந்தையும் துன்புறுத்தப்படலாகாது என்ற கருத்தையுடைய ஸூரத்துல் பகராவின் 233ஆம் வசனமே இதற்கு அடித்தளமாகும். பால்குடி மறக்கச் செய்வதைக்கூட இருவரும் கலந்தாலோசித்து முடிவு செய்யுமாறு அவ்வசனம் வழிகாட்டுகிறது.

இலங்கையில் சட்டம் வந்த வழி

ஆங்கிலேயர் ஆட்சியில் 1806ஆம் ஆண்டு முஹம்மதியச் சட்டக்கோவை வெளியிடப்பட்டது. கண்டி இராச்சியம் அப்போது அவர்கள் வசமிருக்கவில்லை. 1815இல் அது வீழ்ந்த பின்னர், 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அக்கோவையை மலைநாட்டுக்கும் விரிவாக்கியது. கோப்பித் தோட்டங்கள் தேயிலைத் தோட்டங்களாக மாறி, 1885இல் புகையிரதம் நானுஓயாவை அடைந்தபோது, அப்பாதையோரத்து நகரங்களில் கடை விரித்த நம் முன்னோரும் இச்சட்டத்தின் கீழ் வந்தனர். நவவியின் மின்ஹாஜும் பிரெஞ்சு மொழி வழியாக 1914இல் ஆங்கிலத்திற்கு வந்து, இலங்கை நீதிமன்றங்களில் எடுத்தாளப்பட்டது.

இன்றும் நம்மை ஆள்வது 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமாகும். இங்கேதான் பெற்றோர் பலர் தவறிழைக்கின்றனர். விவாகரத்து, மஹர், கைக்கூலி, தாபரிப்பு ஆகியவற்றை விசாரிக்கும் அதிகாரம் காழி நீதிமன்றத்திற்கு உண்டு. பிள்ளையின் கட்டுக்காப்பை எவரிடம் ஒப்படைப்பது என்று கட்டளையிடும் அதிகாரம் அதற்கு இல்லை. அவ்வழக்கு மாவட்ட நீதிமன்றத்திற்குரியது. ஆகவே, காழியின் முன்னிலையில் பேசி ஒப்புக்கொண்டதை நீதிமன்றக் கட்டளையாக எண்ணியிருந்தவர்கள், மறுதரப்பு பிள்ளையை அழைத்துச் சென்ற பின்னரே விழித்துக்கொள்கின்றனர். ஒருவர் பிள்ளையைச் சட்டவிரோதமாகத் தடுத்து வைத்திருந்தால், ஆட்கொணர்வு மனு மூலம் மேல் நீதிமன்றங்களை நாடும் வழியும் உண்டு.

மாவட்ட நீதிபதி முஸ்லிம் பெற்றோரின் வழக்கில் அவர்களுடைய மத்ஹபின் சட்டத்தைக் கவனத்திற் கொள்வார். அதனுடன் பிள்ளையின் நலன் எங்கே என்பதையும் ஆராய்வார். வயது, படிப்பு, இதுவரை பராமரித்தவர் யார், சகோதரர்களைப் பிரிக்க நேருமா, வீட்டுச் சூழல் எத்தகையது, பிள்ளையின் விருப்பம் என்ன என்பன நோக்கப்படும். நன்னடத்தை உத்தியோகத்தரின் அறிக்கையும் பெறப்படலாம். பெற்றோர் இருவருடனும் தொடர்பு பேணுவது பிள்ளையின் உரிமை என்றும், பிள்ளையின் கருத்துக்குச் செவிசாய்க்க வேண்டும் என்றும் கூறும் சிறுவர் உரிமைகள் பற்றிய சாசனத்தை இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்டது. தாயின் கையைப் பற்றிய அந்த மதீனாச் சிறுவனை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

அயல்நாட்டிலும் இச்சிந்தனை வலுப்பெற்றுள்ளது. 2013இல் கர்நாடக உயர் நீதிமன்றம் ஒரு சிறுவனை ஆண்டின் முதல் ஆறு மாதம் தந்தையிடமும் அடுத்த ஆறு மாதம் தாயிடமும் இருக்கச் செய்தது. 2015இல் இந்தியச் சட்ட ஆணைக்குழு தனது 257ஆம் அறிக்கையில் கூட்டுப் பொறுப்புக்குச் சட்டத்தில் இடமளிக்கப் பரிந்துரைத்தது.

நாம் செய்ய வேண்டியது

ஆறு மாதம் இங்கும் ஆறு மாதம் அங்கும் என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தாது. ஹட்டனில் அரை ஆண்டும் நுவரெலியாவில் அரை ஆண்டும் படிக்கும் பிள்ளைக்கு எந்தப் பாடசாலையும் சொந்தமாகாது. பெற்றோர் ஒரே ஊரிலிருந்தால் நவவி காட்டிய பகல், இரவு முறை இன்றும் பொருந்தும். வெவ்வேறு ஊர்களிலிருந்தால், பாடசாலை நாட்களில் ஒருவரிடமும், வார இறுதியிலும் தவணை விடுமுறையிலும் மற்றவரிடமுமாக வகுத்துக்கொள்ளலாம். பெருநாள் எவருடன், நோயுற்றால் அறிவிப்பது எப்படி, பாடசாலைச் செலவு எவருடையது, உம்மா தொழிலுக்காக வெளிநாடு சென்றால் பிள்ளை எந்தப் பாட்டியிடம் என்பனவற்றையும் எழுத்தில் வைத்து, சட்டத்தரணி மூலம் மாவட்ட நீதிமன்றத்தின் கட்டளையாக்கிக்கொள்ளுங்கள்.

தந்தையரே! மனைவி மீதுள்ள கோபத்தில் பிள்ளையின் செலவை நிறுத்தாதீர்கள். தாய்மாரே! செலவு வரவில்லை என்பதற்காக வாப்பாவின் முகத்தைப் பிள்ளைக்கு மறைக்காதீர்கள். செலவைப் பெற்றுத்தரக் காழி நீதிமன்றம் உண்டு. மறைக்கப்பட்ட பாசத்தைப் பிள்ளைக்கு மீட்டுத்தர எந்த நீதிமன்றத்தாலும் இயலாது.

இளைஞர்களே! நிக்காஹுக்கு முன் மஹரைப் பற்றியும் மண்டபத்தைப் பற்றியும் பேசுகிறீர்கள். தலாக் திருமணத்தை முடிக்கும். பெற்றோர் என்ற உறவை அது முடிப்பதில்லை என்பதையும் அப்போதே அறிந்துகொள்ளுங்கள்.

குபாவில் தன் மகனைத் தூக்கிய உமர் (ரலி) அவர்களின் கைகள் வலிமையானவை. அக்கைகளே தீர்ப்பைக் கேட்டதும் பிள்ளையை விட்டன. அத்தகைய உள்ளத்தை அல்லாஹ் நம் பெற்றோருக்கும் அருள்வானாக! ஆமீன்.