பதினான்கில் ஓரிடம்

இடஒதுக்கீடு நியாயமா என்ற வாதம் எழும்போதெல்லாம் மதிப்பெண்ணைப் பற்றியே பேசுகிறோம். 1951-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கைச் சற்றே நினைவுகூருங்கள்.

அன்றைய சென்னை மாநிலத்தில் மருத்துவ, பொறியியல் கல்லூரிகளுக்கு வகுப்புவாரி அரசாணை நடப்பில் இருந்தது. ஒவ்வொரு 14 இடங்களிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்கள், பிராமணர், ஹரிஜனங்கள் ஆகியோருக்குத் தலா 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறிஸ்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1.

இதை எதிர்த்துச் செண்பகம் துரைராஜன் வழக்குத் தொடுத்தார். (மருத்துவக் கல்லூரிக்கு அவர் விண்ணப்பமே செய்திருக்கவில்லை!) தகுதியிருந்தும் பிறப்பைக் காட்டி இடம் மறுப்பது அநீதி என்ற வாதத்தை எளிதாகத் தள்ளிவிட இயலாது. ஏப்ரல் 9 அன்று அரசாணை செல்லாதென்று தீர்ப்பாயிற்று.

தமிழகம் கொதித்தெழுந்தது. ஜூன் மாதமே அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. சமூகத்திலும் கல்வியிலும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கும், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் தனி ஏற்பாடு செய்ய அது வழி திறந்தது. கவனியுங்கள், மதம் என்ற சொல் அதில் இல்லை. முஸ்லிம் என்ற பெயரால் நாம் பெற்றிருந்த அந்த ஓரிடம் அவ்வடிவில் திரும்பவேயில்லை.

2007-இல் தமிழக அரசு அளித்த 3.5 விழுக்காடும் பிற்படுத்தப்பட்டோரின் 30 விழுக்காட்டுக்குள்ளிருந்தே பிரிக்கப்பட்டது. ஆகவேதான் சான்றிதழுக்காக வட்டாட்சியர் அலுவலகம் செல்லும் தந்தை, முஸ்லிம் என்று மட்டும் எழுதினால் போதுவதில்லை; லெப்பையா, தக்னியா, மாப்பிள்ளையா என்பதையும் எழுத வேண்டியிருக்கிறது.