செங்குத்து வேளாண்மைக் கட்டடம்

பயிர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வளர்ப்பதற்கென்றே வடிவமைக்கப்படும் கட்டடம் செங்குத்து வேளாண்மைக் கட்டடம் எனப்படும். நிலம் குறைந்து மக்கள் நெருங்கி வாழும் நாடுகளில் இதன் மீது ஆர்வம் மிகுதி. 1964இல் வியன்னா தோட்டக்கலைக் கண்காட்சியில் ஓத்மார் ரூத்னர் நிறுவிய கண்ணாடிக் கோபுரப் பசுங்குடில் இதற்கு முன்னோடி. 1999இல் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் டிக்சன் டெஸ்பாமியர் தம் மாணவர்களோடு இதை ஆராயத் தொடங்கினார். 2010இல் அவர் எழுதிய நூல் இக்கருத்தை உலகெங்கும் கொண்டுசென்றது.

இதன் தேவையைச் சிங்கப்பூரைப் போல உணர்ந்த நாடு வேறில்லை. 700 சதுர கிலோமீட்டரைச் சற்றே தாண்டிய அத்தீவில் ஏறத்தாழ 60 இலட்சம் பேர் வாழ்கின்றனர். உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதிதான். அங்கே லிம் சூ காங் பகுதியில் 2012இல் ‘ஸ்கை கிரீன்ஸ்’ பண்ணை வணிக முறையில் தொடங்கியது. ஜாக் இங் வடிவமைத்த அதன் அலுமினியச் சட்டங்கள் ஒன்பது மீட்டர் உயரமானவை. சட்டத்தில் வரிசையாகப் பொருத்திய தொட்டிகளில் சீனக் கீரைகள் வளர்ந்தன. நீரின் விசையால் தொட்டிகள் மெல்ல மேலேறிக் கீழிறங்கின. உச்சிக்குப் போகும் தொட்டிக்கு வெயில், அடிக்கு வருவதற்குத் தண்ணீர். இப்படி ஒரு கோபுரத்தைச் சுழற்ற ஒரு மின்விளக்குக்கு ஆகும் மின்சாரமே போதுமாக இருந்தது. அச்சட்டங்கள் நின்றது ஒளி ஊடுருவும் கூரையின் கீழ்; ஒளிக்குப் பண்ணையினர் நம்பியது சூரியனை. வடிவமைப்பாளர் அங்கே கற்க வேண்டிய முதல் பாடம் இது.

கட்டடத்தில் முதலில் கணக்கிட வேண்டியது பாரம். இந்தியத் தரநிலையின்படி குடியிருப்புத் தளம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ சுமையைத் தாங்குமாறு அமைக்கப்படும். ஆள் ஏறி நடமாடும் மொட்டைமாடிக்கு அது 150 கிலோ. பத்து சென்டிமீட்டர் ஆழம் நீர் நிற்கும் தொட்டி சதுர மீட்டருக்கு 100 கிலோ. ஐந்து அடுக்கு வைத்தால் 500 கிலோ. தாங்கும் சட்டத்தின் எடை இதற்கு மேல். ஆகவே பழைய வீட்டையோ அலுவலகத்தையோ அப்படியே பண்ணையாக மாற்றுவது ஆபத்து. நீரை மெல்லிய படலமாக ஓடவிடும் முறையும், மண்ணுக்குப் பதில் தென்னை நார்க்கழிவும் சுமையைக் குறைக்கும். மாடித்தோட்டம் போடுவோருக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். மாடி முழுக்க ஒரு சாண் ஈரமண் பரப்பினாலே 150 கிலோவைத் தாண்டிவிடும்.

அடுத்தது ஒளி. மூடிய அறையில் கீரை வளர்க்க, சிறந்த எல்இடி விளக்கே ஆனாலும், ஒரு சதுர மீட்டர் அடுக்குக்கு நாளொன்றுக்குச் சுமார் ஒரு யூனிட் மின்சாரம் செலவாகும். கூரையில் சூரியத்தகடு பதித்தால் போதாதா என்று பலர் கேட்பதுண்டு. தமிழ்நாட்டு வெயிலில் பத்து சதுர மீட்டர் தகடு நாளுக்கு எட்டு யூனிட் அளவில் தரும். அது எட்டு சதுர மீட்டர் கீரைக்கு ஒளி. கூரை முழுதும் தகடு போட்டாலும் அதே பரப்புள்ள ஓர் அடுக்குக்கே பற்றாது. நான்கு மாடியில் ஐந்தைந்து அடுக்கு என்றால் இருபது அடுக்குகள் இருக்கும்.

விளக்குக்குக் கொடுக்கும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே அறையில் தங்கும். இலைகள் வெளிவிடும் நீராவியும் அதோடு சேரும். அதை அகற்றாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். எனவே சுவருக்கு வெப்பக்காப்பு, ஈரம் ஊடுருவாத பூச்சு, நீர் வடியும் சாய்வுத் தளம், ஒவ்வொரு அடுக்கின் இடையிலும் காற்றோட்டம் ஆகியவை கட்டாயம். குளிரூட்டி பிடிக்கும் நீரைத் திரும்பத் தொட்டிக்கே விடலாம். திறந்த வயலோடு ஒப்பிட்டால் நீர்ச் செலவு மிகமிகக் குறைவு. இம்முறையின் உண்மையான வலிமை அங்கேதான்.

தானியம் இதற்கு ஒத்துவராது. நெல்லுக்குக் கீரையைவிட அதிக ஒளி வேண்டும். அதே ஒரு யூனிட் என்றே வைத்துக்கொண்டாலும், நான்கு மாதத்தில் சதுர மீட்டருக்கு ஒரு கிலோ நெல் விளைய 120 யூனிட் ஆகும். அந்த விலைக்கு அரிசி வாங்க யாராலும் முடியாது. சீக்கிரம் விளைந்து, சீக்கிரம் வாடி, நல்ல விலை போகும் இலைகளே இக்கட்டடங்களுக்கு உரியவை. அதிலும் மின்கட்டணம் பலரை வீழ்த்தியது. அமெரிக்காவின் ஏரோஃபார்ம்ஸ் 2023இல் திவால் பாதுகாப்பு கோரியது; பவரி ஃபார்மிங் 2024இல் மூடப்பட்டது. 2030க்குள் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை உள்நாட்டிலேயே விளைவிப்போம் என 2019இல் அறிவித்த சிங்கப்பூரும் 2025இல் அந்த இலக்கை மாற்றிக்கொண்டது.

தமிழ்நாட்டில் இம்முறை பலனளித்திருப்பது காளான் கொட்டகையில். காளானுக்கு ஒளிச்சேர்க்கை இல்லை. மேலே சொன்ன மின்கணக்கின் பெரும்பகுதி அதற்குத் தேவைப்படுவதில்லை. நறுக்கி ஊறவைத்து வேகவைத்த வைக்கோலை, கையால் பிழிந்தால் நீர் சொட்டாத பதத்துக்கு உலர்த்தி, பாலித்தீன் பையில் அடுக்கடுக்காக வித்து தூவிப் படுக்கை கட்டுவார்கள். வித்து பரவும் அறையில் பை வெளுத்ததும், வளர்ப்பு அறையில் உறி கட்டி ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கவிடுவார்கள். தரையில் மணல் பரப்பி, சுற்றிலும் சணல் சாக்கைத் தொங்கவிட்டு நாள்தோறும் நனைப்பார்கள். காளான் விடும் கரியமிலவாயு வெளியேற வழி வேண்டும் என்பதே கட்டுவோர் மறக்கக் கூடாத ஒன்று. சிப்பிக் காளான் குளிர்ச்சியை நாடும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அருப்புக்கோட்டை நிலையம் 1998இல் வெளியிட்ட ஏபிகே 2 பால் காளானோ 30 முதல் 35 பாகை வெப்பத்திலும் விளையும். நம் கோடைக்கு ஏற்ற இந்தக் கண்டுபிடிப்பு இன்னும் பரவலாகப் போற்றப்பட வேண்டியது.

பண்ணைக் கட்டடத்துக்கு வேண்டிய சிமெண்ட் சுண்ணாம்புக்கல்லிலிருந்து வருவதால், தமிழ்நாட்டின் அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சி இந்தக் கட்டடக் கதையின் தொடக்க முனையில் இருக்கும் ஊர். ஏறத்தாழ ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் படிந்த சுண்ணாம்புக்கல் இங்கே கிடைக்கிறது; புவியியலார் அப்பாறை அடுக்குக்கு இவ்வூர்ப் பெயரையே சூட்டியுள்ளனர். சுரங்கச் சுவரில் சிப்பி ஓடுகள் நெருக்கமாகப் பதிந்திருப்பதை வெறுங்கண்ணால் பார்க்கலாம். இக்கல்லை நம்பியே அரியலூரில் சிமெண்ட் ஆலைகள் எழுந்தன. தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகத்தின் ஆலை 1979இல் தொடங்கியது. ஒரு டன் தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால், எரிபொருள் புகை நீங்கலாகவே 440 கிலோ கரியமிலவாயு வெளியேறும். கான்கிரீட் பண்ணை மாடியைப் பசுமை என்று அழைப்பவர்கள் இதையும் அதன் கணக்கில் எழுத வேண்டும்.

கல்லங்குறிச்சி வயல்கள் உள்ள ஊரும்கூட. இங்குள்ள கலியுக வரதராசப் பெருமாள் கோயிலுக்கு உழவர்கள் விளைச்சலில் ஒரு பங்கைத் தானியமாகவே காணிக்கை செலுத்துகின்றனர். வெயிலும் வயலும் உள்ள இந்தச் சீமைக்கு விளக்கொளி மாடிப் பண்ணை இன்று தேவையில்லை. இங்கே கட்டத் தக்கது, அறுவடைக்குப் பின் மிஞ்சும் வைக்கோலைக் கொண்டு நடத்தும் உறிக் காளான் கொட்டகைதான்.