எர்துக்ருல்: ஒரு போர்க்கப்பலின் வரலாறு

இஸ்லாமியரின் கடல் வரலாறு என்றதும் நம்மவர் நாவில் முதலில் வருவது கைருத்தீன் பார்பரோஸாவின் பெயரும், 1538ஆம் ஆண்டு பிரிவேஸா கடற்போரில் அவர் பெற்ற வெற்றியுமே. வென்ற கதைகளைத் திரும்பத் திரும்பச் சொல்வதில் நமக்குச் சலிப்பு ஏற்படுவதில்லை. ஆனால், எந்தப் பெரும் போரிலும் வெல்லாத, தன் வாழ்நாளின் பெரும்பகுதியைத் துறைமுகத்தில் கட்டுண்டு கழித்த ஒரு கப்பலின் வரலாறும் நாம் படித்தறியத் தக்கதே. உதுமானியப் பேரரசின் அந்தக் கப்பலுக்கு ‘எர்துக்ருல்’ என்று பெயர். பேரரசை நிறுவிய உதுமானின் தந்தை எர்துக்ருல் காஸியின் பெயர் அது. அரபு எழுத்தில் இப்பெயரின் நடுவே ‘கைன்’ நிற்கும். துருக்கியர் நாவிலோ அது கரைந்து ‘எர்துருல்’ என்றே ஒலிக்கும்.

இக்கப்பல் ‘ஃபிரிகேட்’ என்னும் வகையைச் சேர்ந்தது. அரபியர் இதனை ‘ஃபிர்காத்தா’ என்றும் துருக்கியர் ‘ஃபிர்கதெய்ன்’ என்றும் தத்தம் மொழிக்கு இசைய மாற்றிக்கொண்டனர். பாய்மரக் காலத்துப் பெரும் போர்க்கப்பல்களில் பீரங்கித் தட்டுகள் இரண்டு, மூன்று எனப் பல அடுக்குகளாக இருக்கும். ஃபிரிகேட்டில் மூடிய பீரங்கித் தட்டு ஒன்றுதான். எனவே எடை குறைவு, விரைவு மிகுதி. உளவறிவதும், செய்தி கொண்டு செல்வதும், வணிகக் கப்பல்களுக்குக் காவலாகச் செல்வதும் இதன் பணிகள். கடற்சொற்கள் இப்படி மொழிவிட்டு மொழி பாய்வது நமக்குப் புதிதன்று. நம் கடற்கரை மக்கள் அன்றாடம் வழங்கும் ‘சுக்கான்’ அரபுச் சொல். ‘மாலுமி’ என்பதும் ‘முஅல்லிம்’ என்னும் அரபுச் சொல்லின் திரிபே. கப்பலுக்கு வழிகாட்டுபவனையும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவனையும் ஒரே சொல்லால் அழைத்த அக்காலத்தவரின் மதிப்பீட்டை எண்ணி நம் போன்ற ஆசிரியத் தொழிலினர் சற்றே மகிழ்ந்துகொள்ளலாம்.

எர்துக்ருல், இஸ்தான்பூலின் தங்கக் கொம்பு நீர்நிலையில் உள்ள அரசுக் கப்பற் பட்டறையில் கட்டப்பெற்று, சுல்தான் அப்துல் அஸீஸின் ஆட்சியில், 1863ஆம் ஆண்டு நீரில் இறக்கப்பட்டது. உடல் முழுவதும் மரம். நீளம் ஏறக்குறைய 79 மீட்டர். அகலம் பதினைந்து மீட்டருக்குச் சற்று மேல். எடை ஏறத்தாழ 2,400 டன். மூன்று பாய்மரங்களோடு நீராவி எந்திரமும் உண்டு. எந்திரம் பொருத்துவதற்காகவே 1864இல் கப்பல் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டது. 600 குதிரைத்திறன் கொண்ட அவ்வெந்திரம், நல்ல நிலையில், மணிக்குப் பத்துக் கடல்மைல் வேகத்தைத் தரவல்லது.

பாயும் நீராவியும் கலந்த இந்த அமைப்பைச் சற்று விளக்க வேண்டும். பின்னர் நேர்ந்ததன் வித்து இதிலேயே இருக்கிறது. அக்காலத்து எந்திரங்கள் நிலக்கரியை அளவின்றி விழுங்கின. தொலைப் பயணத்துக்குப் போதிய கரியைச் சுமக்க எந்தக் கப்பலாலும் முடியவில்லை. ஆகவே காற்று வாய்க்கும்போது பாய் விரிப்பதும், காற்றில்லாதபோதும் துறைமுகத்தில் நுழையும்போதும் எந்திரத்தை இயக்குவதும் வழக்கம். இதனால் ஒரே மர உடல் இருவகைப் பாரத்தைத் தாங்க வேண்டியதாயிற்று. உயர்ந்த பாய்மரங்கள் காற்றில் அசையும்போது மேலிருந்து இழுக்கும். கொதிகலனும் எந்திரமும் உள்ளிருந்து அழுத்தும், அதிரும். மரமோ இளமையில் இவ்விரண்டையும் தாங்கும். முதுமையில் பலகைகளின் பொருத்துவாய் நெகிழும். நீர்மட்டத்துக்குக் கீழே நெகிழ்ந்தால் கண்ணுக்கும் தெரியாது.

மேலும், இக்கப்பல் பிறந்த காலமே மரக்கப்பல்களுக்கு அந்திக் காலம். பிரான்ஸ் 1859இல் இரும்புக் கவசம் பூண்ட ‘குளோர்’ கப்பலை நீரில் இறக்கியது. மறு ஆண்டே இங்கிலாந்து முழுவதும் இரும்பாலான ‘வாரியர்’ கப்பலை இறக்கியது. எர்துக்ருல் முதன்முதலாகப் பாய் விரிப்பதற்கு முன்பே அதன் இனம் பழமைப்பட்டுவிட்டது எனலாம். அப்துல் அஸீஸ் இதனை உணராதவர் அல்லர். கவசக் கப்பல்களை அவர் வரிசையாக வாங்கிக் குவித்தார்; எண்ணிக்கையில் உலகின் முன்னணிக் கடற்படைகளுள் ஒன்றாக உதுமானியக் கடற்படை விளங்கிற்று. ஆனால் கப்பல்கள் கடன் வாங்கிய பொன்னால் வந்தவை. 1875இல் பேரரசு தன் கடன் தவணையைச் செலுத்த இயலாமல் தத்தளித்தது. மறு ஆண்டு அப்துல் அஸீஸ் அரியணையிலிருந்து இறக்கப்பட்டபோது, அரண்மனையைக் கடற்புறமாகச் சூழ்ந்து நின்றவை அவர் ஆசையோடு சேர்த்த அதே கடற்படையின் கப்பல்களே!

அவ்வாண்டே பட்டமேறிய சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது இதனை மறக்கவில்லை. அவரது நெடிய ஆட்சியில் கடற்படை பெரும்பாலும் தங்கக் கொம்பிலேயே கட்டிக் கிடந்தது. காரணம் கருவூலம் வறண்டதா, அச்சமா என்று வரலாற்றாசிரியர் இன்றும் வாதிடுவர். இரண்டும் என்பதே நம் கருத்து. எர்துக்ருலும் 1866இல் தொடங்கிய கிரீட் தீவுக் கலகத்தின்போது ஆற்றிய பணிக்குப் பின்னர் பெரிதும் அசையாமல் நின்றது. ஓடாத கப்பல் தேயாது என்று நினைப்பது பிழை. உப்புநீரில் அசையாது நிற்கும் மரக்கப்பலுக்கு உளுப்பே பகை.

1887இல் ஜப்பானிய இளவரசர் கொமாத்சு அகிஹிதோ இஸ்தான்பூலுக்கு வருகை தந்தார். அதற்கு மறுமுறை செய்யவும், ஜப்பான் மன்னர் மெய்ஜிக்கு விருதும் அன்பளிப்புகளும் அனுப்பவும் சுல்தான் விரும்பினார். தூதர்களைப் பயணிகள் கப்பலில் அனுப்பியிருக்கலாம். ஆனால் சுல்தானின் எண்ணம் வேறு. ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் வாழ்ந்த கோடிக்கணக்கான முஸ்லிம்களின் கண்முன்னே பிறைக்கொடி தாங்கிய கப்பல் ஒன்று ஊர்ந்து செல்ல வேண்டும். இந்தியாவின் பல பள்ளிவாசல்களில் ஜும்ஆ குத்பாவில் கலீஃபாவுக்காகத் துஆ ஓதப்பட்ட காலம் அது. பெயரை மட்டும் கேட்டிருந்த மக்கள் கொடியையும் காணட்டும் என்பது நோக்கம். கடற்படைப் பள்ளியில் அப்போதுதான் தேறிய இளைஞர்களுக்கு இது பயிற்சிப் பயணமாகவும் அமையும். கவசக் கப்பல்கள் இருக்க, கால் நூற்றாண்டு கண்ட மரக்கப்பலே தேர்ந்தெடுக்கப்பட்டது. மேற்பகுதி மரங்கள் செப்பனிடப்பட்டன. எந்திரத்தையும் நீருக்கடியிலுள்ள பகுதியையும் பற்றி எழுந்த ஐயங்கள் ஒதுக்கப்பட்டன. பயணத்தின் தலைவர் உஸ்மான் பே, கடற்படை அமைச்சர் ஹஸன் ஹுஸ்னி பாஷாவின் மருமகன். அவர் தகுதியற்றவர் என்று நாம் சொல்லவில்லை. மாமனார் அமைச்சராயிருக்கும் இடத்தில் கப்பல் உறுதியற்றது என்று உரத்துச் சொல்வது எவருக்கும் எளிதாயிருந்திராது என்பதே நாம் குறிப்பது.

1889 ஜூலை 14இல், ஹிஜ்ரி 1306ஆம் ஆண்டு, அறுநூற்றுக்கு மேற்பட்டோருடன் எர்துக்ருல் இஸ்தான்பூலை விட்டுப் புறப்பட்டது. அம்மாதம் முடியுமுன்பே சூயஸ் கால்வாயில் தரைதட்டிச் சுக்கான் சேதமுற்றது. செப்பனிட்டுக் கால்வாயைக் கடக்கச் செப்டம்பர் ஆயிற்று. பின்னர் ஜித்தா, ஏடன், அக்டோபரில் பம்பாய். அங்கே முஸ்லிம்கள் திரள்திரளாக வந்து கப்பலைப் பார்த்தனர். நவம்பர் தொடக்கத்தில் கொழும்பு. எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்று நாடுகடத்தப்பட்ட அஹ்மத் ஒராபி பாஷா, 1883 முதல் இலங்கையில் வாழ்ந்துவந்த காலம் அது. தமிழ் பேசும் இலங்கை முஸ்லிம்களின் கல்வி மறுமலர்ச்சிக்கு, ‘முஸ்லிம் நேசன்’ ஏட்டை நடத்திய சித்தி லெப்பை போன்றோருடன் சேர்ந்து அவர் ஊக்கமளித்து வந்தார். சொந்த மண்ணை இழந்த பாஷா ஒருவர் வாழ்ந்த தீவின் துறைமுகத்தில், கலீஃபாவின் கப்பல் கரி ஏற்றிக்கொண்டு நின்றது! இக்காட்சியை விரித்தெழுதக் கற்பனைக்கு இடமுண்டு. வரலாறு எழுதுவோர் அங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

நவம்பர் நடுவில் சிங்கப்பூர். அங்கு நான்கு மாதத்துக்கு மேல் நிற்க நேர்ந்தது. வடகிழக்குப் பருவக்காற்று எதிரே வீசிற்று. கையிலிருந்த பணமும் கரைந்தது. எந்திரத்தை மட்டும் நம்பிப் போகக்கூடிய கப்பலாயிருந்தால் காற்றுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பயணத்தினிடையே உஸ்மான் பே பதவி உயர்ந்து பாஷா ஆனார். 1890 மார்ச்சில் புறப்பட்டு, சைகோன், ஹாங்காங் வழியாக ஜூன் 7இல் யோகஹாமாவை அடைந்தனர். புறப்பட்டு ஏறத்தாழப் பதினொரு மாதம்! மெய்ஜி மன்னர் தூதரை வரவேற்று விருதையும் அன்பளிப்புகளையும் ஏற்றுக்கொண்டார்.

வந்த பணி முடிந்தது. ஆனால் கப்பலில் வாந்திபேதி பரவிற்று. சிலர் மாண்டனர், கப்பல் தனித்து நிறுத்தப்பட்டது. நோய் தணிந்தபோது சூறாவளிப் பருவம் வந்துவிட்டது. ஜப்பானியர், தங்கிக் கப்பலைப் பழுதுபார்த்துச் செல்லுமாறு எடுத்துரைத்தனர். உஸ்மான் பாஷா இணங்கவில்லை. செப்டம்பர் 15இல் யோகஹாமாவை விட்டனர்.

மறுநாள் இரவு, கீ தீபகற்பத்தின் முனையிலுள்ள ஒஷிமா தீவை அணுகும்போது கடும்புயல். பின்பாய்மரம் முறிந்து விழுந்தது. பலகைகளின் இடுக்குகள் திறந்து நீர் உட்புகுந்தது. எந்திரத்தின் வலிமை குன்றிற்று. காற்றும் நீரோட்டமும் கப்பலைக் கஷினோ முனையின் பாறைகளை நோக்கித் தள்ளின. பாறையில் மோதிற்று, கொதிகலன் வெடித்தது. ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். உஸ்மான் பாஷாவும் அவர்களுள் ஒருவர். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். உயிர் தப்பியோர் 69 பேர்.

அது ஹிஜ்ரி 1308, ஸஃபர் மாதத் தொடக்கத்தை ஒட்டிய இரவு. ஸஃபரைப் பீடை மாதம் என்று அஞ்சும் பழக்கம் நம் பெண்டிரிடையே மட்டுமன்று, ஆடவரிடையேயும் உண்டு. அவர்கள் இதனைச் சான்றாகக் காட்டக்கூடும். ஸஃபரில் கேடு இல்லை என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் தெளிவான அறிவுரை. அம்மாதத்தில் எத்தனையோ கப்பல்கள் அதே கடலில் நலமே சென்றுள்ளன. ‘கத்ர்’ மேல் பழிபோட்டுவிட்டு உளுத்த பலகையை மறந்துவிடுவதும் மார்க்கம் ஆகாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின் தவக்குல் வைக்கச் சொன்ன தூதரின் உம்மத்து நாம். நீரில் மூழ்கி இறந்தோர் ஷஹீதுகளின் வரிசையில் எண்ணப்படுவர் என்பது நபிமொழியால் நாம் அறிவது. அந்த மாலுமிகளுக்கு அப்பதவியை அல்லாஹ் அருள்வானாக என்று வேண்டுவோம். அது அவர்களுக்குக் கிடைக்கும் பேறு. அவர்களை அக்கப்பலில் ஏற்றி அனுப்பியவர்களுக்கு அது விடுதலைச் சீட்டன்று.

மோதிய இடத்துக்கு மேலே செங்குத்தான பாறையின் உச்சியில் ஒரு கலங்கரை விளக்கம் இருந்தது. 1870இல் கல்லால் கட்டப்பட்டது. அவ்வொளியை நோக்கிச் சிலர் குருதி வழிய ஏறினர். காவலருக்கு அவர்கள் மொழி விளங்கவில்லை. நாடுகளின் கொடிகள் வரைந்த புத்தகத்தைக் காட்ட, அவர்கள் பிறைக்கொடியைச் சுட்டிய பின்னரே துருக்கியர் என்று தெரிந்தது. தீவினர் ஏழை மீனவர். பஞ்சத்துக்கென வைத்திருந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் வளர்த்த கோழிகளையும் கொடுத்தனர்; தம் ஆடைகளை உடுத்தினர்; விறைத்தவர்களைத் தம் உடற்சூட்டால் காத்தனர் என்பர். சிகிச்சை செய்த வைத்தியர்களிடம் செலவுக் கணக்குக் கேட்கப்பட்டபோது, இரக்கத்தால் செய்தோம், அப்பணத்தைத் தப்பியவர்களுக்கே கொடுங்கள் என்று எழுதிவிட்டனர். அவ்வெழுத்தின் படி அங்குள்ள பௌத்த ஆலயம் ஒன்றில் காக்கப்பட்டு வந்தது. அண்டை வீட்டாரின் உரிமை பற்றி நாம் மிம்பர்களில் பேசுகிறோம். கலிமாவை அறியாத அம்மீனவர் அதைச் செய்துகாட்டினர். கரையொதுங்கிய உடல்கள் கலங்கரை விளக்கத்துக்கு அருகே அடக்கப்பட்டன.

தப்பியோரை ‘கோங்கோ’, ‘ஹியெய்’ என்னும் இரு ஜப்பானியப் போர்க்கப்பல்கள் ஏற்றிக்கொண்டு அக்டோபரில் புறப்பட்டு, 1891 ஜனவரி 2இல் இஸ்தான்பூலில் சேர்த்தன. இவையும் பாயும் நீராவியும் கலந்தவையே. எர்துக்ருலின் பருமனை ஒத்தவையே. ஆனால் 1877இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நீரில் இறக்கப்பட்டவை. இரும்புச் சட்டத்தின்மேல் மரப்பலகை பொருத்தியவை. தொடர்ந்து கடலில் உழைத்து வந்தவை. ஒன்று போவதற்குப் பதினொரு மாதம் எடுத்த கடல்வழியை இவை ஏறத்தாழ மூன்று மாதத்தில் கடந்தன. எர்துக்ருலின் அமைப்பைப் பற்றி இதைவிட விளக்கமான உரை வேண்டுவதில்லை.

மாண்டோரின் குடும்பங்களுக்காக யமதா தொராஜிரோ என்னும் இளைஞர் ஜப்பானில் நிதி திரட்டி, 1892இல் தாமே இஸ்தான்பூலுக்குக் கொண்டுவந்தார். 1985இல் ஈரான்–ஈராக் போரின்போது தெஹ்ரானில் சிக்கிய இருநூற்றுக்கு மேற்பட்ட ஜப்பானியரைத் துருக்கிய விமானங்கள் மீட்டுச் சென்றதைப் பேசுவோர், எர்துக்ருலையும் சேர்த்தே நினைவுகூர்கின்றனர்.

ஒஷிமாவில் 1974இல் துருக்கிய நினைவுக் காட்சிச்சாலை ஒன்று திறக்கப்பட்டது. 2007 முதல் துருக்கிய ஆய்வாளர் துஃபான் துரான்லியின் தலைமையில் முக்குளிப்போர் அப்பாறைகளினடியே தேடி, ஆயிரக்கணக்கான பொருள்களை மேலே கொண்டுவந்தனர். அவற்றுள் ஒன்று, கப்பலின் மடப்பள்ளியில் மாலுமிகளுக்குச் சோறு சமைத்த பெரிய செப்புக் கொப்பரை.